லைன் கிளியர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சப்ளையை நிறுத்து, பூட்டு, சோதி, எர்த் போடு (லைனை மண்ணோடு இணை), பக்கத்தில் சார்ஜில் (மின்சாரத்தோடு) இருப்பதை மறை. லைன் கிளியர், அதாவது சப்ளையை நிறுத்திய மின் லைனில் வேலை செய்யும் அனுமதி, வாங்கிக் கம்பம் ஏறுபவர் யாரைக் கேட்டாலும் இந்த ஐந்தையும் தூக்கத்தில்கூடச் சொல்வார். எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் மழை இருட்டில், கரண்ட் எப்போது வரும் என்று ஊரே கேட்டுக்கொண்டு நிற்கும்போது கம்பம் ஏறுபவருக்கு உதவுவது பழகிய கைதான். பெரும்பாலான பயிற்சிகள் அந்தக் கையைத் தொடுவதே இல்லை.

முதல் தவறு, கம்பத்தின் மேலே லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சில் தொடங்குகிறது. கைப்பிடியை இழுத்ததும் மேலே சத்தம் கேட்கும். லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று மனம் முடிவு கட்டிவிடும். மூன்று பிளேடும் ஒரே குழாயோடு பிணைந்திருந்தாலும், கிளாம்ப் தளர்ந்தாலோ பிளேடு தன்னைக் கவ்வும் தாடையில் உருகி ஒட்டிக்கொண்டாலோ இரண்டு மட்டும் திறந்து ஒன்று மூடியபடி நிற்கும். அந்த ஒரு ஃபேஸ் (மூன்று மின் கம்பிகளில் ஒன்று) உயிரை எடுக்கப் போதும். மூன்றும் சரியாகத் திறந்தாலும் சப்ளை வரும் பக்கத்துத் தாடையும் ஜம்பரும் (இணைப்புக் கம்பியும்) சார்ஜில்தான் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் அதற்குக் கையெட்டும் தூரத்தில் ஏறுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பயிற்சிக் களத்தில் சப்ளை இல்லாத ஒரு ஏ.பி. சுவிட்சை நிறுவி, ஒரு பிளேடின் கிளாம்பை வேண்டுமென்றே தளர்த்தி வையுங்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம். கைப்பிடியை இழுத்தபின் அண்ணாந்து பார்ப்பவர் யார், நேரே ஏணியை எடுப்பவர் யார் என்று அன்றே தெரிந்துவிடும்.

லைன் கிளியரைப் போனிலேயே வாங்கிப் போனிலேயே திருப்புவது அடுத்த தவறு. ஒரே துணை மின் நிலையத்தில் ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு ஃபீடர்கள் (அங்கிருந்து கிளம்பும் லைன்கள்) இருப்பது சகஜம். ஃபீடர் பெயர், நேரம், வாங்குபவர் பெயர், எண் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “நாலு மணிக்குப் போட்டுவிடுங்கள்” என்று நேரம் பேசிவைத்துக்கொள்வதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கக் கூடாது. வாங்கியவரே, தன் ஆட்கள் எல்லோரும் கீழே இறங்கியதை எண்ணிப் பார்த்து, எர்த்தையும் எடுத்தபின் திருப்பித் தர வேண்டும்.

டெஸ்டரை ஒருமுறை மட்டும் காட்டிவிட்டு “டெட்” என்று சொல்வதும் பயிற்சியிலேயே ஒட்டிக்கொள்ளும் பழக்கம். பேட்டரி தீர்ந்த டெஸ்டரும் டெட் என்றுதான் சொல்லும். முதலில் சார்ஜில் இருப்பது உறுதியான இடத்தில், பிறகு வேலை செய்யப்போகும் லைனில் ஒவ்வொரு ஃபேஸாக, மறுபடியும் சார்ஜில் உள்ள இடத்தில் காட்ட வேண்டும். அப்போதுதான் அது சோதனை.

எர்த் ராடு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். ‘நாம்தான் சப்ளையை நிறுத்திவிட்டோமே, எர்த் எதற்கு?’ என்ற கேள்விக்கு வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 11,000/433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் எல்.டி. (தாழ் அழுத்த) பக்கம் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250 வோல்ட். அதற்கு ஈடாக ஹெச்.டி. (உயர் அழுத்த) சுருளில் 11,000. அதாவது 44 மடங்கு. லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒரு கடைக்காரர் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அந்த 230 வோல்ட் எல்.டி. லைன் வழியாகப் பின்னால் ஏறினால், டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் சுமார் 10,000 வோல்ட் நிற்கும். பக்கத்தில் இணையாக ஓடும் 110 கே.வி. லைனிலிருந்து தூண்டப்பட்டு வரும் மின்னழுத்தம் வேறு.

எர்த் போடும் வரிசை மாறவே கூடாது. முதலில் மண்ணில் அடித்த கம்பியோடு எர்த் முனையை இறுக்கு. பிறகு காப்புக் கோலால் லைன் முனையை மாட்டு. எடுக்கும்போது லைன் முனை முதலில், எர்த் முனை கடைசியில். மாற்றிச் செய்தால் லைனில் மிச்சமிருப்பது கையில் பிடித்திருக்கும் வயர் வழியாக உடலுக்குள் இறங்கும். மூன்று ஃபேஸையும் சேர்த்து, வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும் போட வேண்டும். சங்கிலியை வீசி எறிந்து எர்த் செய்வதை வேடிக்கைக்காகக்கூடக் களத்தில் செய்து காட்டாதீர்கள்; பார்த்தவர் அதையேதான் செய்வார்.

கையுறையைப் பற்றி ஒன்றே சொல்லலாம். மணிக்கட்டுப் பக்கம் அச்சிட்ட வகுப்பு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். 0 என்றால் 1,000 வோல்ட் வரை, 2 என்றால் 17,000, 3 என்றால் 26,500. 22 கே.வி. ஓடும் பகுதியில் இரண்டாம் வகுப்புக் கையுறை போதாது. தினமும் வாய்ப்பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து, விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தால் ஊசித் துளைகூடத் தெரிந்துவிடும்.

கம்பத்தில் ஏறுபவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துக் கீழே கயிறு பிடிக்கும் உதவியாளரை விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வலிக்கும் தவறு. மேலே இருப்பவர் இடுப்புப் பட்டையில் மயங்கித் தொங்கினால், முதலில் சப்ளையை நிறுத்த வேண்டியவரும் அவரைக் கயிற்றில் இறக்க வேண்டியவரும் அந்த உதவியாளர்தான். மூச்சும் நாடியும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. படம் காட்டினால் இது வராது. ஆள் எடையுள்ள மணல் மூட்டையைக் கம்பத்தில் கட்டி, ஒவ்வொருவரையும் தனித்தனியாக இறக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். நான்கு நிமிடத்துக்குள் மூட்டை தரையைத் தொடும்வரை அவரைக் களத்துக்கு அனுப்பாதீர்கள்.