கைகழுவும் குழாயடியில் தொடங்கும் விளம்பரம்: திருமண மண்டபம் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கல்யாணத்துக்கு வரும் எண்ணூறு பேரில் மணமேடை அலங்காரத்தை நினைவில் வைத்திருப்பவர் சிலரே. சாப்பிட்ட கையோடு குழாயடியில் காத்து நின்றதை மறப்பவர் ஒருவரும் இல்லை. அந்த எண்ணூறு பேரில் பல குடும்பங்களில் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு நிச்சயதார்த்தமோ வளைகாப்போ மணிவிழாவோ வரப்போகிறது. அவர்கள் அனைவரும் நம் மண்டபத்துக்குள் தாமாகவே வந்து, உட்கார்ந்து, உண்டு, ஒரு முடிவுக்கு வந்து வெளியேறுகிறார்கள். கும்பகோணத்தில் மண்டப மேலாளராகப் பணியாற்றிய காலத்தில் நான் கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானது இதுதான்: ஒரு விசேஷத்தை ஒழுங்காக நடத்திக் கொடுக்கும் திட்டமும், அடுத்த விசேஷத்தைப் பிடிக்கும் விளம்பரமும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். ஆகவே இங்கே இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

தொடக்கம் நாட்காட்டி. தமிழ்ப் புத்தாண்டுக்கு முன்பே வெளியாகிவிடும் பஞ்சாங்கத்தை வாங்கி, ஆண்டு முழுவதற்குமான முகூர்த்த நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் ஆகிய இரண்டும் மேசையில் இருப்பது நல்லது. ஏனெனில் இரண்டின் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, கல்யாண வீட்டார் தங்கள் குடும்பப் புரோகிதர் பின்பற்றுவதையே பின்பற்றுவார்கள். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தால் அந்த நாளுக்குப் போட்டி இருக்கும். செவ்வாயும் சனியும் பலரால் தவிர்க்கப்படும். தேய்பிறை முகூர்த்தமும் வார நாள் முகூர்த்தமும் நடுவில் நிற்கும். இந்த மூன்று வகைக்கும் மூன்று வாடகை வைத்து, அதை அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டால், பேரம் பேசித்தான் ஆக வேண்டும் என்ற சங்கடம் இரு தரப்புக்கும் குறையும். உள்ளூர்த் திருவிழாக்களையும் அதே நாட்காட்டியில் குறிக்க வேண்டும். கும்பகோணத்தில் 2016-இல் நடந்த மகாமகம் அடுத்து 2028-இல் வருகிறது. அந்த மாசி மாதத்தில் விருந்தினருக்கு விடுதி அறையும் கிடைக்காது, வண்டி வரத் தெருவும் கிடைக்காது என்பதை, தேதி கேட்டு வருபவரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பதிவேடு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த மண்டபம் ஒன்றில் உரிமையாளர் வீட்டில் ஒரு டைரியும் அலுவலகத்தில் ஒரு நோட்டும் இருந்தன. ஆவணி மாத முகூர்த்தம் ஒன்றுக்கு வீட்டு டைரியில் ஒரு குடும்பமும் அலுவலக நோட்டில் மற்றொரு குடும்பமும் முன்பணம் கட்டியிருந்தது, பத்திரிகை அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. பெண்ணின் தகப்பனார் பத்திரிகைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அதன் பிறகு நான் கடைப்பிடித்த முறை எளிமையானது: முன்பணம் கைக்கு வந்து, வரிசை எண்ணிட்ட ரசீது கிழித்துக் கொடுக்காத எந்தத் தேதியும் கொடுக்கப்பட்ட தேதி ஆகாது. வாய்மொழியாகச் சொல்லி வைப்பவருக்கு மூன்று நாள் அவகாசம். நான்காம் நாள் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு. பிறகு தேதி திறந்துவிடும்.

வாடகைச் சீட்டில் என்னென்ன அடங்கும் என்பதை எழுத்தில் கொடுப்பதுபோல நம்பிக்கை வளர்க்கும் காரியம் வேறில்லை. முதல் நாள் பிற்பகல் எத்தனை மணிக்கு மண்டபம் கைமாறும், மறுநாள் எத்தனை மணிக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், எத்தனை அறைகள், எத்தனை நாற்காலிகள், எந்தெந்தப் பாத்திரங்கள், ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, துப்புரவுக் கட்டணம் எவ்வளவு என எல்லாம் அதில் வர வேண்டும். மண்டப வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைச் சேர்த்த மொத்தத் தொகையை முதல் பேச்சிலேயே சொல்லாமல் கடைசி பில்லில் காட்டினால், அதுவரை சம்பாதித்த நல்லெண்ணம் முழுவதும் அந்த ஒரு வரியில் போய்விடும். மின்கட்டணத்தை யூனிட் கணக்கில் வாங்குவதாக இருந்தால், சாவி கொடுக்கும்போதே வீட்டாரில் ஒருவரை மீட்டர் பெட்டி வரை அழைத்துச் சென்று, ஓடும் எண்ணை அவர் கைபேசியிலேயே படம் எடுக்கச் சொல்ல வேண்டும், ஒப்படைக்கும்போதும் அதேபோல. ஒரு நிமிட வேலை இது. இதைச் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து மின்கட்டணத்தைப் பற்றி ஒரு வாக்குவாதமும் எங்களுக்கு வந்ததில்லை.

ரத்து செய்யும் விதியில் கொஞ்சம் மனிதத்தன்மை வேண்டும். தேதி குறித்த பிறகு பங்காளி வீட்டில் ஒரு மரணம் நேர்ந்து, தீட்டின் காரணமாகத் திருமணம் தள்ளிப்போவது நம் ஊர்களில் வழக்கமாக நடப்பது. அப்படிப்பட்டவரிடம் முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொள்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் விட்டுப்போன தேதிக்கு வேறொருவர் வந்துவிட்டால் முழுத்தொகையையும் புதிய தேதிக்கு மாற்றித் தருவோம் என்று சீட்டிலேயே எழுதிவிடுவதில் மண்டபத்துக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

இனி பந்திக் கணக்கு. இதில்தான் பெரும்பாலான திட்டங்கள் தவறுகின்றன என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் 200 நாற்காலிகள் என்று வைத்துக்கொள்வோம். இலை போட்டுப் பரிமாறி, உண்டு எழ 35 நிமிடம். இலை எடுத்து, மேசை துடைத்து, தாள் விரித்து, மறு இலை போட 10 நிமிடம். ஆக ஒரு பந்திக்கு 45 நிமிடம். 900 பேர் என்றால் ஐந்து பந்தி. பதினொரு மணிக்கு முதல் பந்தி தொடங்கினால் கடைசிப் பந்தி இரண்டு மணிக்குத்தான் உட்காரும், இரண்டே முக்கால் மணி வரை பரிமாறுபவர்கள் ஓய முடியாது. அந்தக் கடைசிப் பந்தியில் உட்காருபவர்கள் யார் என்று பார்த்தால், பெண்ணைப் பெற்றவர்களும் அவர்களோடு நின்று வேலை செய்த நெருங்கிய உறவினரும்தான். அதாவது மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர்களே. அவர்களுக்கு ஆறிய சாம்பாரும் தீர்ந்துபோன பாயசமும் கிடைத்தால், பொறுப்பு சமையல் கான்ட்ராக்டருடையதாக இருந்தாலும் பெயர் கெடுவது மண்டபத்துக்குத்தான். ஆகவே பேச்சு நடக்கும்போதே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி, 900 பேர் வருவார்கள் என்றால் மாடியிலோ பக்கவாட்டிலோ இரண்டாவது கூடத்தையும் திறப்பது பற்றிப் பேச வேண்டும். ரிசப்ஷனில் நெருக்கடி இன்னும் அதிகம். ஏழு மணி முதல் ஒன்பதரை வரை இரண்டரை மணி நேரத்துக்குள் மூன்று பந்திக்குச் சற்று மேல்தான் அடங்கும். அதற்குமேல் எதிர்பார்த்தால் நின்று உண்ணும் பஃபே ஒரு புறம் இருப்பதே வழி.

இதே கணக்கைக் கைகழுவும் இடத்துக்கும் போட வேண்டும். ஒரு பந்தி முடிந்ததும் 200 பேரும் ஏறக்குறைய ஒன்றாக எழுவார்கள். எட்டுக் குழாய்கள் என்றால் குழாய்க்கு 25 பேர்; ஆளுக்கு அரை நிமிடம் வைத்தாலும் கடைசி ஆள் பன்னிரண்டு நிமிடம் எச்சில் கையோடு நிற்பார், அதுவும் பட்டுப்புடவையிலும் பட்டு வேட்டியிலும். இருபது குழாய்கள் வைத்தால் ஐந்து நிமிடத்தில் இடம் காலியாகிவிடும். புதிய சரவிளக்கு வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் இந்தக் குழாய்களுக்குச் செலவிடுங்கள் என்று உரிமையாளர்களிடம் உறுதியாகச் சொல்வேன். கைகழுவிவிட்டு நடக்கும் வழியில் தரை வழுக்காமல் இருக்கத் துடைப்பதற்கென்றே ஓர் ஆள் நிற்க வேண்டும். விழுபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

விசேஷ நாளுக்கான ஓட்டத்தை ஒரே தாளில் எழுதி, வீட்டாரின் பொறுப்பாளர், சமையல் கான்ட்ராக்டர், அலங்காரக்காரர், புகைப்படக்காரர், நாதஸ்வரக் குழுவினர் ஆகிய அனைவருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட வேண்டும். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம் என்றால் வெந்நீர் மூன்று மணிக்கே மணமகள் அறைக்கு வர வேண்டும், காபி அதற்கும் முன்பே அடுப்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தால்தான் நடக்கும். வீட்டாரில் ஒருவரை மட்டும் பொறுப்பாளராகப் பெயர் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே நேரத்தில் மாமா ஒரு மாதிரியும் சித்தப்பா ஒரு மாதிரியும் உத்தரவிட்டால் வாட்ச்மேன் என்ன செய்வார்?

சட்டம் சார்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் ஒன்றைக்கூட விட்டுவிட முடியாது. பதிவு செய்யும்போதே மணமக்கள் இருவரின் வயதுச் சான்றையும் நகல் வாங்க வேண்டும்: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006, அத்தகைய திருமணத்தை நடத்துபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தண்டனைக்கு அஞ்சி மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை; ஒரு சிறுமியின் வாழ்க்கையைக் காப்பாற்றும் கடைசி வாசலாக நம் அலுவலக மேசை இருக்கக்கூடும். ஐயம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். ஒலி மாசு விதிகள், 2000, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன; மூடிய கூடத்துக்குள் ஒலிப்பதற்கு விலக்கு உண்டு, வாசலில் தெருவைப் பார்த்துக் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்கு இல்லை. உணவு மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் உள்ளன. சமையல் கான்ட்ராக்டரின் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு உபயோக சிலிண்டரை உள்ளே விடாமல், வணிக உபயோகத்துக்கான 19 கிலோ சிலிண்டரையே அனுமதியுங்கள். பாட்டு ஒலிபரப்புவதில் திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. நிறுவன ஆண்டு விழாவை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் வெளி விளம்பரத்துக்குச் செய்ய வேண்டியது குறைவுதான். கூகுள் மேப்பில் மண்டபத்தின் பக்கத்தை உரிமையாளர் பெயரில் எடுத்து, சரியான இடக்குறியீட்டை வைத்து, படங்களை ஏற்றுங்கள். அலங்கரித்த மேடையின் படம் எல்லா மண்டபத்திலும் ஒரே மாதிரி இருக்கும். விளக்கு எரியும் வெற்றுக் கூடம், மணமகள் அறைக் குளியலறை, சமையல்கட்டு, வண்டி நிறுத்துமிடம், முதியோர் ஏறும் சாய்தளம் ஆகியவற்றின் படங்களைத்தான் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து தேடுபவர்கள் பார்க்க விரும்புகிறார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் மண்டபம் முழுவதையும் நடந்து காட்ட ஓர் ஆளைப் பழக்கி வையுங்கள். உள்ளூரில் செய்தி பரவும் வழிகள் வேறு: கல்யாணம் பேசி முடித்தவர்கள் முதலில் போவது புரோகிதரிடமும், பிறகு நகைக்கடை, ஜவுளிக்கடை, பத்திரிகை அச்சகம் என்றும். இவர்களிடம் தரகுப் பணம் பேசுவதைவிட, காலியாக உள்ள தேதிகளின் பட்டியலை மாதந்தோறும் கொடுத்து வைப்பது மேல் என்பது என் கருத்து. தரகு பேசிய மண்டபத்தை அவர்கள் பரிந்துரைப்பார்கள், ஆனால் மனதாரப் பாராட்ட மாட்டார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்க வேண்டும் என்பது ஒரு பழக்கமே. மணிவிழா அவரவர் பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் நடப்பது. ஆடியில் பிறந்தவருக்கு ஆடியில்தான் அறுபது நிறையும். அவர்களில் பலர் திருக்கடையூருக்குச் செல்வார்கள்; எல்லோராலும் உறவினர் அனைவரையும் அங்கே அழைத்துச் செல்ல இயலாது. திருக்கடையூரில் பூஜையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபின் மறுநாள் உறவினருக்கு விருந்து வைக்க, 150 பேருக்கு அளவான சிறு கூடத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள். கிறித்தவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தையும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தையும் தவிர்ப்பார்கள், ஆடியை அல்ல. முஸ்லிம்களுக்கும் ஆடி தடையில்லை. அசைவச் சமையலுக்குத் தனிச் சமையல்கட்டும் தனிப் பாத்திரங்களும் ஒதுக்க இடம் இருந்தால், மண்டபம் ஊர் முழுவதற்கும் பொதுவாகும், ஆண்டின் வெற்று மாதங்களும் நிரம்பும். பரதநாட்டிய அரங்கேற்றம், ஜவுளிக் கண்காட்சி விற்பனை, பள்ளி ஆண்டு விழா ஆகியவற்றுக்கும் இந்த மாதங்களே ஏற்றவை.

விசேஷம் முடிந்த அன்று மாலை, அறை அறையாகச் சென்று விட்டுப்போனவற்றைச் சேகரித்து, எந்த அறையில் கிடைத்தது என்று சீட்டு ஒட்டி வையுங்கள். வெள்ளிக் குங்குமச்சிமிழ், மூக்குக் கண்ணாடி, குழந்தையின் ஒற்றைக் கொலுசு, கைபேசி சார்ஜர் என ஏதாவது ஒன்று இல்லாத கல்யாணம் இல்லை. மறுநாள் காலை வீட்டாருக்கு நாமே அழைத்து, கிடைத்தவற்றைச் சொல்லி, டெபாசிட் மீதத்தையும் ரசீதையும் எப்போது வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று தெரிவிக்க வேண்டும். திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், திருமணம் நடந்த இடத்தைக் காட்ட அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் அப்போதே நினைவூட்டலாம். கூகுளில் நான்கு வரி எழுதித் தரும்படி கேட்பதற்கும் அந்த அழைப்பே தக்க நேரம். பெரும்பாலும் எழுதுகிறார்கள், அதிலும் அந்தக் கொலுசைப் பற்றியே எழுதுகிறார்கள்.