துகள் பாடத்தில் சறுக்கும் இடங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளிடம் "பருப்பொருளின் துகள் எது?" என்று கேட்டால், பலர் உப்புக்கல்லைத்தான் சொல்வார்கள். மணவாளக்குறிச்சிப் பிள்ளை என்றால் கருமணல். கண்ணுக்குத் தெரியும் மணி எதுவும் இந்தப் பாடம் சொல்லும் துகள் இல்லை; இங்கே துகள் என்றால் அணு, மூலக்கூறு, அயனி (மின்னூட்டம் பெற்ற அணு) போன்றவை. 0.3 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு பொடி உப்பிலேயே 1-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போடும் அளவுக்குச் சோடியம், குளோரைடு அயனிகள் இருக்கும்.

அடுத்ததுதான் பெரிய தவறு: மொத்தப் பொருளின் குணத்தைத் தனித் துகளின் தலையில் கட்டுவது. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்துபோன தேங்காய் எண்ணெயை வெயிலில் வையுங்கள். சுமார் 24 டிகிரியில் இளகி ஓடும். உடனே "மூலக்கூறுகள் உருகிவிட்டன" என்று எழுதக் கூடாது. மூலக்கூறு முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்தது, இப்போது ஒன்றின்மேல் ஒன்று நழுவி நகர்கிறது, அவ்வளவுதான். கம்பி சூட்டில் நீள்வதும் இப்படியே. அணு வீங்குவதில்லை, அதிர்வு கூடுவதால் இடைவெளி கூடுகிறது. செம்பின் ஒற்றை அணு செந்நிறமாகவும் இருக்காது.

சரி, அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? "காற்று" என்பார்கள். காற்றே துகள்கள்தானே, அப்புறம் அந்தத் துகள்களுக்கு நடுவில்? ஒன்றுமில்லை, வெற்றிடம்.

படம் வரையும்போது திடத்தில் நெருக்கம், திரவத்தில் கொஞ்சம் தள்ளி, வாயுவில் இன்னும் கொஞ்சம் தள்ளி என்று படிப்படியாகப் புள்ளி வைக்கிறார்கள். திரவத்திலும் துகள்கள் ஏறக்குறைய ஒட்டியேதான் இருக்கும், ஒழுங்குதான் குலைந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரியில் முழுக்க ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பெரிய தாவல் அங்கேதான்.

கொதிநீரின் குமிழிக்குள் இருப்பது நீராவி. தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதில்லை. ஆவியாக 100 டிகிரியும் தேவையில்லை, உப்பளமே சாட்சி.

தோவாளைச் சந்தையின் பிச்சிப்பூ மணத்தை விரவுதலுக்கு (துகள்கள் தம் ஓட்டத்தாலேயே கலந்து பரவுவதற்கு) உதாரணமாக எழுதுவது நம் ஊர் வழக்கம். அது பாதி உண்மைதான். காற்றின் மூலக்கூறுகள் நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடினாலும், ஓயாமல் மோதித் திசைமாறுகின்றன. விரவுதலை மட்டும் நம்பினால் மணம் சாலைக்கு வந்து சேர நெடுநேரம் ஆகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்குத்தான் அதில் பெரும் பங்கு. விடைத்தாளில் பிச்சிப்பூவை எழுதுவதானால் "காற்றோட்டமில்லாத அறையில்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.