மீன் தொட்டியும் கரண்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கத்து வீடுகளில் தார்சாவிலோ ஹாலிலோ சுவர் ஓரமாகத் தொட்டியை வைத்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் போட்டுவிடுவது வழக்கம். முதல் தவறு அதுதான். தொட்டி கசிய வேண்டும் என்றுகூட இல்லை. குமிழி தெறித்து ஒயரில் படியும் நீரே அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பிளக்குக்குள் போய்விடும். பாக்ஸைத் தொட்டிக்குப் பக்கவாட்டில் சுவரில் திருகி மாட்டுங்கள். ஒயர் பிளக்கைவிட ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து, அதன் பிறகு மேலேறிப் பிளக்கில் சேரட்டும். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மெல்லிய இரண்டு முள் பிளக்கோடு வரும் பம்புகளைத் தொளதொள அடாப்டரில் செருகுவதும் ஆபத்து. பிடிப்பு இல்லாத இடத்தில் பொறி பறந்து சூடேறும். பிளக் முனை கறுத்திருந்தால் அதுதான் காரணம். இறுக்கமாக உட்காரும் 6 ஆம்பியர் பிளக் டாப்பை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

"போர்டில் எம்.சி.பி. (தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதே" என்ற தைரியம் இதைவிடப் பெரிய தவறு. ஓவர்லோடு, ஷார்ட் ஆனால்தான் எம்.சி.பி. விழும். மனிதனைக் கொல்லச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும்; அது எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. தேவைப்படுவது, கரண்ட் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். வீடு இன்வெர்ட்டரில் ஓடும்போது, மெயின் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி. பல வீடுகளில் அந்த லைனைக் காக்காது. கரண்ட் போயிருந்தாலும் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள். டெஸ்டரை நீரில் விட்டுப் பார்ப்பதும் சோதனை ஆகாது. அது எரியாவிட்டால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோயில் கொடைக்கு ஊருக்குப் போன நேரத்தில் மோட்டாரிலோ கிரைண்டரிலோ கசிவு வந்து ஆர்.சி.சி.பி. விழுந்தால், தொட்டியும் நின்றுபோகும். அதனால் தொட்டிக்கென்று, அந்தப் பொது ஆர்.சி.சி.பி.யின் கீழ் வராத தனி லைனில், ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டும் சேர்ந்தது) போடுவது நல்லது.

சமவெளியில் தொட்டி நீர் பெரும்பாலும் 28 டிகிரிக்கு மேலேயே நிற்கும். ஹீட்டர் பலருக்கும் தேவையே இல்லை, கழற்றிவிடலாம். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் போடுகிறவர்கள், தண்ணீர் மாற்றும் முன் அதை அணைத்து 20 நிமிடம் ஆறவிட வேண்டும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும்.

இனி கரண்ட் போவது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும். அன்று காலையும் வழக்கம்போல் தீனி போட்டுவிடுகிறார்கள். செரிக்கும் மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். வெதுவெதுப்பான நீரிலோ அது குறைவாகவே கரையும். மீன் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஃபைட்டர், கௌராமி மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளிக்கும். நெருக்கமாக வளரும் கோல்டு ஃபிஷ்தான் முதலில் திணறும். அரை மணிக்கொருமுறை, சொம்பால் மொண்டு அரை அடி உயரத்திலிருந்து ஐந்து நிமிடம் ஊற்றிக்கொண்டிருங்கள்.

இதைவிட எளிது, 1 வாட் யு.எஸ்.பி. ஏர் பம்ப். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் அதை ஏறத்தாழ ஒரு நாள் ஓட்டும். சில பவர் பேங்குகள் இவ்வளவு சின்ன லோடைக் கண்டுகொள்ளாமல் தானே அணைந்துவிடும். முன்பே ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். சாதாரண ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு (நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) கட்டாயம். இல்லையென்றால் கரண்ட் போனதும் குழாய் வழியே தண்ணீர் இறங்கி, பம்ப்புக்குள் போய், தரைக்கும் வந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 மழையின்போது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால், நனைந்த தரையில் நின்று தொட்டி பிளக்கைத் தொடாதீர்கள்; காய்ந்த இடத்தில் நின்று எட்ட முடிந்தால் மட்டும் மெயினை அணையுங்கள்.

கரண்ட் வந்தவுடன் ஃபில்டரைப் போடுவதுதான் பலரும் செய்யும் கடைசித் தவறு. இரண்டு மூன்று மணி நேரம் நின்ற கேனிஸ்டருக்குள் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கியிருக்கும். அந்த நாறும் நீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசி மாட்டுங்கள். வோல்டேஜ் நிலைக்க ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். வெறும் உறுமல் கேட்டு நீர் வராவிட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அணைத்து, சாய்த்து, காற்றை வெளியேற்றிய பிறகே மறுபடி போட வேண்டும்.