நம்பர்தான் அங்கே காசு: அமெரிக்காவில் புதிதாக இறங்கிய வேலூர்க்காரர்களுக்கு

போன முறை ஊருக்கு வந்தபோது காகிதப்பட்டறையில் ஒரு டீக்கடையில் மசால் வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறி எழுத்து தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் யாரோ ஒருவருடைய பாஸ்புக் முதல் பக்கத்தின் ஜெராக்ஸ். பெயர், கணக்கு எண், போன் நம்பர், ஓரத்தில் கறுப்பாக விழுந்த ஒரு போட்டோ. கடைக்காரரிடம் காட்டினேன். "எடைக்கு வாங்கினதுண்ணா, அதுல இன்னா இருக்குது" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சிம்முக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, தாலுகா ஆபீசுக்கு மூன்று செட் என்று ஜெராக்ஸ் கொடுத்தே வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

அந்தப் பழக்கமும் ஊறுகாய் பாட்டிலோடு சேர்ந்து விமானம் ஏறிவிடுகிறது. அங்கே இறங்கியதும் கையில் ஒரு ஃபார்மைக் கொடுப்பார்கள், அதில் கட்டணத்துக்காக கிரெடிட் அல்லது டெபிட் கார்டு நம்பருக்கு ஒரு கட்டம் இருக்கும். நாமும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிடுவோம்.

அந்த நம்பர் கிடைத்தவன் காசை எடுத்துவிடலாம் என்று, அடுத்த மாதம் டல்லாஸ் கிளம்பும் என் சித்தப்பா பையனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "ஓடிபி வராம எப்படிண்ணா காசு எடுப்பான்?" கேள்வி நியாயமானதுதான். 2009-லேயே ரிசர்வ் வங்கி இணையத்தில் கார்டு போடுவதற்கு ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் நம் கார்டு நம்பரைச் சேமித்து வைக்கவும் கூடாது. வாசலில் இப்படி ஒரு காவல்காரன் நிற்பதால் நாம் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் அந்தக் காவல்காரன் கட்டாயமில்லை. நம்பர், காலாவதி மாதம், சில இடங்களில் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், வீட்டு ஜிப் கோடு (நம்மூர் பின்கோடு மாதிரி). இவ்வளவு இருந்தால் பல இடங்களில் காசு எடுத்துவிடலாம். ஆகவே நம்பர் எழுதிய தாளைத் தாளாக நினைக்காதீர்கள், நோட்டுக்கட்டாக நினையுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வருடம் வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தபோது, விண்ணப்பக் கட்டணத்துக்காக ஒரு தாளில் கார்டு விவரம் முழுவதையும், அந்த மூன்று இலக்கம் உட்பட, எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் அதை மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டார். தட்டில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து தாள்கள், எல்லாம் எழுத்து மேலே தெரியும்படி. வீடு கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, நான் கால் வைக்காத ஊரில் டயர் வாங்கியதாக ஸ்டேட்மென்ட் வந்தது. அந்தத் தட்டிலிருந்துதான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கார்டை நான் வேறு எங்கும் காகிதத்தில் எழுதியதில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யார் ஃபார்ம் நீட்டினாலும், "கட்டணத்தை இங்கேயே மெஷினில் தேய்த்துவிடட்டுமா, இல்லை லிங்க் அனுப்புவீர்களா?" என்று கேட்பேன். பாதி இடங்களில் சரி என்பார்கள், கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாம். பல் டாக்டர், பிள்ளையின் நீச்சல் வகுப்பு, கோயில் கட்டட நிதி உறை எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். (கோயிலில் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.) அந்த மூன்று இலக்கத்தை மட்டும் காகிதத்தில் எழுதக் கேட்டால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். பணம் எடுத்த பிறகு அதை யாரும் வைத்திருக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களே போட்ட விதி. அலமாரிக்குப் போகும் தாளுக்கு அந்த விதி தெரியாது.

தப்பிக்க முடியாத இடம் குடியேற்ற அலுவலகம். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் மனைவிக்கு வேலை அனுமதி போன்றவற்றைப் பலர் இன்னும் காகிதத்தில்தான் அனுப்புகிறார்கள். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு, விலக்கு பெற்றவர்கள் தவிர மற்றவர்களிடம் யுஎஸ்சிஐஎஸ் (அந்தக் குடியேற்ற அலுவலகம்தான்) காகித விண்ணப்பத்துக்குச் செக்கோ மணி ஆர்டரோ வாங்குவதில்லை. கார்டில் கட்டுவதென்றால் ஜி-1450 என்ற ஃபார்ம், வங்கிக் கணக்கிலிருந்து நேராக என்றால் ஜி-1650. ஜி-1450 ஒரே ஒரு பக்கம். அதில் கார்டு நம்பரும் உங்கள் கையெழுத்தும் இருக்கும். விண்ணப்பக் கட்டின் மேலேயே அதை வைக்க வேண்டும். பணம் எடுத்ததும் அந்தத் தாளை அழித்துவிடுவதாக அவர்களே சொல்கிறார்கள். எனவே அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எனக்குப் பெரிய கவலை இல்லை. போய்ச் சேரும் வரைக்கும்தான்.

எல்லாரும் செய்யும் ஒரு தப்பு உண்டு. "அனுப்புவதற்கு முன்னால் முழுக் கட்டையும் காப்பி எடுத்து வை" என்று சீனியர்கள் சொல்லித் தருவார்கள். நல்ல அறிவுரைதான். நாம் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுப்போம், ஜி-1450-யும் சேர்ந்தே போகும். அந்தப் படம் தானாக கிளவுடில் ஏறும். குடும்ப ஆல்பம் பகிர்ந்திருந்தால் சத்துவாச்சாரியில் இருக்கும் மாமாவின் டேப்லெட்டிலும் வந்து நிற்கும். முதலில் காப்பி எடுங்கள், கடைசியாக நம்பரை எழுதுங்கள். நூலகக் கம்ப்யூட்டரில் ஃபார்மை நிரப்பினாலும் கார்டு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுப் பிரின்ட் எடுத்து, வீட்டில் கறுப்பு மையில் கையால் எழுதுங்கள். தப்பாகப் போன தாளைக் கசக்கிப் போடாதீர்கள். ஷ்ரெட்டர் இல்லாவிட்டால் கத்திரிக்கோல் போதும். நம்பர் வரியைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டி இரண்டு குப்பையில் போடலாம்.

தபாலைத் தெருப் பெட்டியில் போட வேண்டாம். போஸ்ட் ஆபீசுக்குள் போய்க் கவுன்டரில் கொடுத்து டிராக்கிங் நம்பர் வாங்குங்கள்.

யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குக் கொடுக்கும் கார்டு அமெரிக்க வங்கி கொடுத்ததாக இருக்க வேண்டும், ஊர்க் கார்டு அங்கே செல்லாது. அதனால் புதிதாக வந்தவர்கள் தெரிந்த அண்ணனின் கார்டைக் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. நம்பரை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். ஃபார்மை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். எப்படியும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். தொகையை நீங்கள் முதலிலேயே எழுதிவிடுங்கள். தொகை காலியாக இருக்கும் தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய தலையெழுத்து எதற்கு?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கார்டு ஒருமுறை மறுக்கப்பட்டால் யுஎஸ்சிஐஎஸ் மறுபடி முயற்சி செய்யாது, விண்ணப்பமே திரும்பி வரலாம். கட்டு வழியில் இருக்கும்போது வேறு எங்கோ நடந்த திருட்டுக்காக அதே கார்டை பிளாக் செய்தால் கதை கந்தல். ஃபார்ம்களுக்கென்று தனியாக ஒரு கார்டு ஒதுக்குங்கள். லிமிட் கட்டணத்துக்குப் போதுமா என்று பாருங்கள்.

முடிந்தவரை அது கிரெடிட் கார்டாக இருக்கட்டும். நம்பர் மட்டும் திருடு போய், கார்டு உங்கள் கையிலேயே இருந்தால், கிரெடிட் கார்டில் சட்டப்படி உங்கள் பொறுப்பு பூஜ்யம். டெபிட்டிலும் ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் சொல்லிவிட்டால் பணம் உங்களுடையதுதான். ஆனால் வங்கி அதைத் திருப்பிப் போடும் வரை கணக்கில் காசு இருக்காது. வழக்கமாக வங்கிக்கு 10 வேலை நாள் அவகாசம், கணக்கு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர்களுக்கு 20. வாடகை கட்ட வேண்டிய முதல் மாதத்தில் 20 வேலை நாள் என்பது என்னவென்று பட்டவர்களுக்குத் தெரியும்.

ஊரிலிருந்து கொண்டு போன கார்டை மறந்துவிடாதீர்கள். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். வேலை முடிந்ததும் அணைத்து வையுங்கள். வெளிநாட்டுத் தளங்களில் அந்தக் கார்டுக்கும் பல நேரம் ஓடிபி கேட்க மாட்டார்கள்.

இவ்வளவையும் கேட்ட சித்தப்பா பையன் சத்தமில்லாமல் போனை எடுத்துக் குடும்ப குரூப்பில் எதையோ தேடினான். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறான். அழித்தான். உள்ளேயிருந்து சித்தி குரல் கொடுத்தாள்: "அதை நான் அன்னிக்கே கலர் ஜெராக்ஸ் எடுத்து பீரோவுல வெச்சிட்டேன், நீ பயப்படாத."