ஸ்போர்ட்ஸ் கார் டெஸ்ட் டிரைவ்: இளைஞர் கைக்குச் சாவி வர என்ன செய்ய வேண்டும்?

23, 24 வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்க்க ஷோரூமுக்குள் நுழைந்தவர்களுக்கு இந்தப் பதில்கள் பழக்கமானவை. "டெமோ வண்டி இப்ப இல்லீங்க." "சர்வீஸுக்குப் போயிருக்கு." "அடுத்த வாரம் நாங்களே கூப்பிடுறோம்." எல்லாவற்றுக்கும் மேலாக, "அப்பா வரலையா தம்பி?" அடுத்த வாரம் யாரும் கூப்பிடுவதில்லை. பெண்ணாக இருந்தால் கூடுதலாக ஒரு கேள்வி: "கார் யாருக்கு மேடம்?"

எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் எரிச்சலோடு திரும்பி வந்தால் சாவி கிடைக்காது. ஷோரூம்காரர் எதையெல்லாம் நினைத்துத் தயங்குகிறார் என்று தெரிந்துகொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டால் பெரும்பாலும் வண்டி வெளியே வந்துவிடும். சென்னை, கோவையை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்களிலும் கதை இதேதான்.

தயக்கம் எங்கிருந்து வருகிறது?

டெமோ காரைக் கம்பெனி சும்மா கொடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, பொதுவாக டீலர் தன் பணத்தைப் போட்டு வாங்கி நிறுத்தியிருக்கும் வண்டி அது. சில மாதம் கழித்து அதை விலை குறைத்து விற்றாக வேண்டும். ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும், பிளாட்பாரத்தில் உரசுகிற ஒவ்வொரு அலாய் வீலும் அந்த விலையில் கை வைக்கும். வேகமாகப் போய் கேமராவில் சிக்கினால் இ-சலான் வருவதும் ஷோரூம் பெயருக்குத்தான்.

இது ஸ்விஃப்ட் மாதிரி தினமும் விற்கும் வண்டியும் இல்லை. முழுதாக இறக்குமதியாகும் கார்களில் நிலைமை இன்னும் மோசம். 2025 மே மாதம் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவுக்கு வந்தபோது முதல் தவணையில் 150 கார்கள்தான். அதுவும் ஆன்லைனில் ஒரு வினாடி வினாவில் தேறியவர்களுக்கே புக்கிங். விலையை அறிவிக்கும் முன்பே எல்லாம் தீர்ந்துவிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 100 கார்கள், அவையும் அப்படியே போயின. ஓட்டிப் பார்க்காமலே அரை கோடி கட்ட ஆள் இருக்கும்போது உங்களுக்கு டெஸ்ட் டிரைவ் கொடுத்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? பல ஷோரூம்களில் இப்படிப்பட்ட வண்டி கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதோடு சரி. இருக்கும் ஒரே டெமோ காரும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதோடு ரீல்ஸ் தொல்லை வேறு. வாங்கும் எண்ணமே இல்லாமல், வீடியோ எடுக்க மட்டும் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து சேல்ஸ் ஆட்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். இளவயது முகம் என்றாலே அந்தச் சந்தேகம்தான் முதலில் எழும்.

ஆக, அவர் மனதில் ஓடுவது இரண்டே கேள்விகள். இவர் வாங்குவாரா? வண்டியைச் சேதாரமில்லாமல் திருப்பித் தருவாரா? வயதை வைத்து இரண்டுக்கும் "மாட்டார்" என்று அவராகவே பதில் எழுதிக்கொள்கிறார். அதை மாற்றி எழுத வைப்பதுதான் நம் வேலை.

படி 1: எந்த வண்டி என்று குறித்துக்கொள்ளுங்கள்

"ஸ்போர்ட்ஸ் கார் ஏதாவது பார்க்கலாம்னு வந்தேன்" என்று சொன்ன நொடியே உங்களை வேடிக்கை பார்க்க வந்தவர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். மாடல், வேரியண்ட், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, முடிந்தால் நிறம்வரை சொல்லத் தெரிய வேண்டும்.

முதல்முறை என்றால் ஒரேயடியாக மேலே தாவாதீர்கள். ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 பிஎஸ் (இன்ஜின் சக்தியின் அளவு), ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி 150 பிஎஸ். இவை சுத்தமான ஸ்போர்ட்ஸ் கார்கள் அல்ல என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். டர்போ இன்ஜின் எப்படித் தள்ளும், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் டிராஃபிக்கில் எப்படி நடந்துகொள்ளும் என்று 20 லட்சத்துக்கும் குறைந்த வண்டியில் சுலபமாகத் தெரிந்துகொள்ளலாம். இவற்றுக்கு டெமோ கார் கிடைப்பதும் எளிது. இன்னொரு லாபமும் உண்டு. பெரிய வண்டிக்குப் போகும்போது "விர்ட்டஸ் ஜிடி ஓட்டிப் பார்த்தேன், அதைவிட மேலே வேணும்" என்று சொல்ல முடியும். எதிரில் இருப்பவர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார்.

படி 2: பணக் கணக்கைக் கையில் வைத்திருங்கள்

பலர் எக்ஸ்-ஷோரூம் விலையை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள்கால சாலை வரி 20 சதவீதம். 53 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டும் 10 லட்சத்தைத் தாண்டும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளக் கூடியதுதான், ஆனாலும் அன்றைக்குக் கட்டியாக வேண்டும். இன்சூரன்ஸையும் சேர்த்தால் ஆன்ரோடு விலை 65 லட்சத்தைத் தொடும்.

அதில் 50 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை 80 ஆயிரத்துக்குச் சற்று மேலே வரும். உங்களைப் பார்த்ததும் சேல்ஸ் மேனேஜர் மனதுக்குள் போடும் கணக்கு இதுதான். அதை நீங்களே முன்கூட்டிப் போட்டு, உங்கள் வங்கியில் ப்ரீ-அப்ரூவ்டு லோன் கடிதம் வாங்கி வைத்திருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். கைபேசியில் வங்கிச் செயலி காட்டும் லோன் தகுதித் தொகைகூட ஓரளவு உதவும். சம்பளச் சீட்டையெல்லாம் டெஸ்ட் டிரைவுக்காக யாரிடமும் நீட்ட வேண்டியதில்லை. லோன் விண்ணப்பிக்கும்போது கொடுத்தால் போதும்.

கணக்கு இடிக்கிறதா? இங்கேயே நிறுத்திவிட்டு, படி 7-இன் கடைசியில் வரும் வாடகை கார், ரேஸ் டிராக் வழிகளுக்குப் போய்விடுங்கள். வாங்குவதாக நடித்துச் சாவி வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. அடுத்து வரும் உண்மையான இளைஞருக்கு அந்தக் கதவு இன்னும் இறுக்கமாக மூடும்.

படி 3: நேரில் போகும் முன் பதிவு செய்யுங்கள்

கம்பெனியின் இணையதளத்தில் டெஸ்ட் டிரைவ் படிவத்தை நிரப்புங்கள். அது லீடாக, அதாவது வாங்க வாய்ப்புள்ளவர் என்ற பதிவாக, டீலரிடம் போகும், பதில் சொன்னார்களா என்று மேலே கேட்பார்கள். சும்மா உள்ளே நடந்து போனால் அப்படி எந்தத் தடமும் இருக்காது. நிரப்பிய மறுநாள் ஷோரூமுக்குப் போன் போட்டு இப்படிப் பேசலாம்:

"வணக்கம் சார். வெப்சைட்ல டெஸ்ட் டிரைவுக்குப் பதிவு பண்ணியிருக்கேன். இந்த மாடல், இந்த வேரியண்ட். லோன் ப்ரீ-அப்ரூவ் ஆகியிருக்கு, மூணு மாசத்துக்குள்ள எடுக்கிற பிளான். உங்ககிட்ட டெமோ கார் இருக்கா, இல்ல வேற ஊர்லேர்ந்து வரணுமா? வரணும்னா எப்ப வரும்?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். "இல்லை" என்று முடித்துக்கொள்ள இடம் கொடுக்காமல் தேதிக்கு இழுக்கிறது. பேசியதும் அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, தேதி, நேரம், வண்டி விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி உறுதி வாங்கிவிடுங்கள்.

"புக்கிங் பணம் கட்டினால்தான் டெஸ்ட் டிரைவ்" என்றால்? பணம் முழுதாகத் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதித் தந்தால் யோசிக்கலாம். வாய்வார்த்தை என்றால் வேண்டாம்.

படி 4: நாள் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், குடும்பம் குடும்பமாகக் கூட்டம் இருக்கும். மாதக் கடைசியில் டெலிவரி டார்கெட் அடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆயுத பூஜை, தீபாவளி, அட்சய திருதியை நெருங்கும் நாட்களில் உங்களைப் பார்க்கவே ஆள் இருக்காது. நம் ஊருக்கே உரிய நல்ல காலம் ஆடி மாதம். புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவதால் ஷோரூம் காற்று வாங்கும், சேல்ஸ் ஆட்களுக்கும் பேச நேரம் இருக்கும். மற்ற மாதங்களில் செவ்வாய்க்கிழமை முற்பகல் பார்க்கலாம், அன்று டெலிவரி எடுப்பவர்கள் குறைவு.

படி 5: காகிதம்

ஓட்டுநர் உரிமம் வேண்டும். பழகுநர் உரிமம் (எல்எல்ஆர்) செல்லாது. டிஜிலாக்கரில் உள்ளது சட்டப்படி செல்லும், இருந்தாலும் அட்டையையே கொண்டுபோங்கள். சட்டப்படி 18 வயது போதும் என்றாலும் அதிக சக்தி உள்ள கார்களுக்கு 21, 25 என்று தனியாக வயது வரம்பு வைத்திருக்கும் ஷோரூம்களும் உண்டு. அது அவர்கள் வண்டி, அவர்கள் விதி. போனிலேயே கேட்டுவிட்டால் வீண் அலைச்சல் இல்லை.

அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வாசிக்காமல் போடாதீர்கள். சேதம் ஏற்பட்டால் யார் எவ்வளவு கட்ட வேண்டும், இன்சூரன்ஸில் வராத தொகை யார் தலையில் விழும் என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள். எழுதியிருப்பது தெளிவாக இல்லையென்றால் கேளுங்கள். படிவத்தை நிதானமாக வாசிக்கிற ஆளிடம் சாவியைக் கொடுக்க அவர்களுக்கும் பயம் குறையும்.

அப்பாவைக் கூட்டிப் போகலாமா? லோனில் அவர் இணை விண்ணப்பதாரர் என்றால் தாராளமாக. இல்லையென்றால் தேவையில்லை. நண்பர்களை மட்டும் கூட்டிப் போகவே கூடாது. நாலு பேர் சேர்ந்து போனால் அது ரீல்ஸ் கோஷ்டிதான்.

படி 6: ஓட்டும்போது

செருப்பு வேண்டாம், அடிப்பாகம் மெல்லிய ஷூ நல்லது. கைபேசி பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பெரும்பாலும் சேல்ஸ் ஆள் முதலில் ஓட்டிக் காட்டுவேன் என்பார். ஓட்டட்டும், அந்த நேரத்தில் பக்கத்து இருக்கையில் சஸ்பென்ஷன் எவ்வளவு கடினம், டயர் சத்தம் எவ்வளவு என்று கவனித்துவிடலாம்.

உங்கள் முறை வந்ததும் உடனே கிளம்பாதீர்கள். இருக்கை, ஸ்டீயரிங், மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்யுங்கள். சீட் பெல்ட் போடுங்கள். ரிவர்ஸ், பார்க்கிங் பிரேக் எங்கே என்று கேளுங்கள். இந்த ஒரு நிமிடத்தில்தான் பக்கத்தில் இருப்பவர் உங்களை எடைபோடுகிறார். முதல் சில கிலோமீட்டர் சாதாரண மோடில், இன்ஜின் சூடாகும்வரை மெதுவாக.

சென்னை நகருக்குள் கார்களுக்கான வேக வரம்பு 60 கிலோமீட்டர். பூஜ்யத்திலிருந்து 100 எத்தனை விநாடி என்பது அங்கே உதவாத எண். அது பேப்பரிலேயே இருக்கிறது, நீங்கள் அளக்க வேண்டாம். 60-க்குள் தெரிந்துகொள்ள வேண்டியதே ஏராளம். சிக்னலில் ஊர்ந்து போகும்போது கியர்பாக்ஸ் குலுங்குகிறதா? கிளட்ச் இருந்தால் அரை மணி நேர டிராஃபிக்கை உங்கள் கால் தாங்குமா? முன் கண்ணாடியை ஒட்டிய தூண், வளைவில் திரும்பும்போது பைக்காரரை மறைக்கிறதா? உச்சி வெயிலில் ஏசி எப்படி? காலி இடம் பார்த்து, பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு முறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள். வழி காலியாக இருந்தால், அனுமதி கேட்டு, ஸ்போர்ட் மோடில் 30-லிருந்து 60 வரை ஒரு முறை. லான்ச் கன்ட்ரோலில் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் வசதி) கிளம்புவது, டிராக்‌ஷன் கன்ட்ரோலை (சக்கரம் வழுக்காமல் தடுக்கும் வசதி) அணைப்பது போன்ற ஆசைகளுக்கு இது இடமில்லை.

வேகத்தடைதான் நம் ஊரில் உண்மையான தேர்வு. கோல்ஃப் ஜிடிஐ தரையிலிருந்து 136 மில்லிமீட்டர் உயரம், மாருதி ஸ்விஃப்ட் 163. வித்தியாசம் காகிதத்தில் சின்னது, உங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சரிவில் பெரியது. அதனால் ஷோரூம் பாதையில் ஓட்டி முடித்ததும், வீட்டுக்கு ஒரு முறை வண்டியைக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். ஓட்டுநர் அவர்களுடையவராகவே இருக்கட்டும். சரிவில் ஏறி இறங்கும்போது அடிப்பாகம் உரசுகிறதா, உங்கள் பார்க்கிங்கில் கதவு திறக்கிறதா என்று பார்த்தால் போதும். இந்தக் கோரிக்கையை வாங்கப்போகிறவர் மட்டுமே வைப்பார் என்பது அவர்களுக்கும் தெரியும்.

படி 7: அப்படியும் மறுத்தால்

முதலில் சேல்ஸ் மேனேஜரைப் பார்க்கக் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். "எந்தக் காரணத்தால் முடியாதுன்னு சொன்னீங்கன்னா அதைச் சரிபண்ணிட்டு வர்றேன்" என்று கேட்டால் வயதா, லோனா, வண்டியே இல்லையா என்பது வெளியே வந்துவிடும். அப்புறம் அதே பிராண்டின் இன்னொரு டீலரை அழையுங்கள். ஒருவர் மறுத்ததை இன்னொருவர் கொடுப்பது சகஜம். பெங்களூரு ஒரு ரயில் தூரம்தான்.

செல்ஃப்-டிரைவ் வாடகையிலும் சில நல்ல கார்கள் வருகின்றன. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா பாருங்கள். தனியாருடைய வெள்ளை பிளேட் காரை வாடகைக்கு எடுத்து விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம். ஓட்டும் ஆசை மட்டும்தான் என்றால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கிறது, கோவையில் கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். அங்கே நடக்கும் பயிற்சி வகுப்புகளிலும் டிராக் நாட்களிலும் ஒரு பகலில் கற்பது, ஷோரூமைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஓட்டுவதைவிடப் பல மடங்கு அதிகம். என் ஓட்டு இதற்குத்தான்.

ஓட்டி முடித்த பிறகு

பிடிக்கவில்லை என்றால் அன்றே சொல்லிவிடுங்கள், காரணத்தோடு. இழுத்தடித்தால் தினமும் போன் வரும். பிடித்திருந்தால் கொட்டேஷன் வாங்குங்கள், கூடவே இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: "இந்த டெமோ காரை எப்ப விப்பீங்க?" நீங்கள் ஓட்டிய அதே வண்டி சில மாதத்தில் குறைந்த விலைக்கு வரும். ஆர்சியில் நீங்கள் இரண்டாவது உரிமையாளராக இருப்பீர்கள். அதனால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள். சர்வீஸ் வரலாறு, இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம், டயர் தேய்மானம், நிலுவையில் உள்ள சலான்கள், வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பது எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.