சேண விளம்பரச் சொற்களைக் குதிரையின் முதுகில் வைத்துப் படிப்பது எப்படி?

சேணம், கடிவாளம் விற்கும் பட்டியல்களில் 'அனடாமிக்கல்' (உடலமைப்புக்கு ஏற்றது), 'க்ளோஸ் கான்டாக்ட்', 'வைட்' (அகலமானது) போன்ற சொற்கள் நிறைந்திருக்கும். இவற்றுள் பல, வடிவமைத்தவரின் நோக்கத்தைச் சொல்கின்றனவே தவிர, உங்கள் குதிரைக்குப் பொருந்துமா என்பதைச் சொல்வதில்லை. ஆங்கிலப் பாணிச் சேணத்தை முதன்முறையாக வாங்குவோர் இந்த வரிசையில் செல்லலாம்.

படி 1: பட்டியலைத் திறக்கும் முன் குதிரையை அளந்துகொள்ளுங்கள். சமதரையில் நான்கு கால்களையும் சீராக ஊன்றி நிற்கச் செய்து, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, வளையும் அளவுகோலை முதுகின் குறுக்கே படியவைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டி எடுங்கள். கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் கோடிடுங்கள். சேணத்தின் அடிமெத்தை அக்கோட்டைத் தாண்டக் கூடாது.

படி 2: 'வைட்' என்ற சொல்லை நிறுத்திப் படியுங்கள். இதற்குப் பொதுவான அளவு எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 'வைட்' இன்னொன்றின் 'மீடியம்' ஆக இருக்கலாம். சேணத்தின் உட்சட்டத்தில் முன்முனைகள் எந்தக் கோணத்தில் இறங்குகின்றன என்பதையும் அது சொல்லாது. நான் முதலில் வாங்கிய சேணத்திலும் 'வைட்' என்றே பொறித்திருந்தது. ஆனால் முனைகள் என் குதிரையின் தோளைவிடச் செங்குத்தாக இறங்கியதால், தோள்மேட்டின் (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) இருபுறமும் வீங்கி, ஆறிய இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது. அந்தப் பழுப்பு உடலில் நாணய அளவிலான இரண்டு வெள்ளைப் புள்ளிகளை இன்றும் காணலாம். எனவே அகலத்தைச் சென்டிமீட்டரிலும் கோணத்தைத் தனியாகவும் கேளுங்கள். முடிந்தால் வெட்டிய அட்டையையே அனுப்புங்கள்.

படி 3: மற்றச் சொற்களைக் கேள்விகளாக மாற்றுங்கள். 'க்ளோஸ் கான்டாக்ட்' என்பது சவாரி செய்பவரின் கால் குதிரையின் உடலை நெருங்கியிருப்பதைக் குறிக்கும். குதிரையின் வசதியைப் பற்றியதன்று. மாற்றத்தக்க கல்லட் (உட்சட்டத்தின் முன்புறத் தகடு) முன்பகுதியின் அகலத்தையே மாற்றும், பின்பகுதியின் வளைவை மாற்றாது. 'ஜெனியூன் லெதர்' என்றால் தோல் என்பது மட்டுமே உறுதி, தரம் அன்று. 'அனடாமிக்கல்' கடிவாளத்தில் தலைவார் காதுகளின் பின்னால் வளைத்து வெட்டப்பட்டிருக்கும். அது காதின் அடியை உரசுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூக்குவாரை இறுக்கிவிட்டால் இந்த வடிவத்தால் பயனில்லை. மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும்.

படி 4: விரிப்பு இல்லாமல் சேணத்தை வைத்து, தோள்மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அடிமெத்தைக்கும் முதுகுக்கும் இடையே கையை முன்னிருந்து பின்னாக நகர்த்தும்போது நடுவில் இடைவெளி தென்பட்டால், எடை இரு முனைகளில் மட்டும் விழுகிறது என்று பொருள். வயிற்று வாரை இறுக்கிய பின்பும், ஒருவர் ஏறிய பின்பும் இதே சோதனையைச் செய்யுங்கள். இருபது நிமிடச் சவாரிக்குப் பின் வியர்வைக்கு நடுவே உலர்ந்த திட்டு இருந்தால், அங்கே சேணம் தொடாமல் இருக்கலாம், மிகையாக அழுத்தியும் இருக்கலாம். கையால் அழுத்தி, குதிரை விலகுகிறதா என்று பார்த்தே முடிவு செய்யுங்கள். கம்பளி அடைத்த மெத்தை பயன்பாட்டில் அமுங்கும் என்பதால், சில மாதங்களில் அந்த அட்டையை மீண்டும் முதுகில் வைத்து ஒப்பிடுங்கள்.