பழைய டுகாட்டி ஸ்க்ராம்ப்ளரை முதல் தடவை ஸ்டார்ட் செய்வது எப்படி?

ஸ்க்ராம்ப்ளர் என்றதும் 2015-இல் விற்பனைக்கு வந்த 803 சிசி வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது அதன் மூதாதையைப் பற்றி. 1962 முதல் 1974 வரை இத்தாலியின் போலோன்யாவில் தயாரான ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் அது. நான் பார்த்த பழைய வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழகத் தெரியாமல் இதைக் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இதன் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். டுகாட்டி 1926-இல் ரேடியோ பாகங்கள் செய்யும் நிறுவனமாகத் தொடங்கியது. போர்கோ பனிகாலே தொழிற்சாலை 1944-இல் குண்டுவீச்சில் நாசமானது. போருக்குப் பிறகு, சைக்கிளில் பொருத்தும் குச்சோலோ என்ற குட்டி எஞ்சினைச் செய்து மோட்டார் சைக்கிள் பக்கம் வந்தார்கள். 1954-இல் எஞ்சின் வடிவமைப்பாளர் ஃபாபியோ தாலியோனி வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் டுகாட்டியை விற்ற பெர்லினர் நிறுவனம், மண்சாலையிலும் ஓடக்கூடிய வண்டி வேண்டும் என்று கேட்டது. தாலியோனியின் சாலை எஞ்சினுக்கே அகலமான ஹேண்டில்பாரும் மேடுபள்ளத்துக்கு ஏற்ற டயரும் கொடுத்து உருவானதுதான் ஸ்க்ராம்ப்ளர். அமெரிக்காவை நினைத்துச் செய்த வண்டியை அப்புறம் இத்தாலிய இளைஞர்களே கொண்டாடினார்கள்.

எந்த வண்டி என்று பாருங்கள்

1968-க்கு முந்தையதில் எஞ்சினைப் பின்புறம் சட்டத்தோடு இணைக்கும் பகுதி குறுகலாக இருக்கும். 1968 முதல் அது அகலமானது, சட்டமும் வலுப்பெற்றது. முக்கியமாக 250, 350, 450 சிசி என்று மூன்று அளவுகள் வந்தன. ஓட்டிப் பழக 250 அல்லது 350 போதும். 450 உண்மையில் 436 சிசி. அதைக் கிக் அடிக்கக் காலில் தெம்பு வேண்டும்.

வலப்பக்கம் சிலிண்டரை ஒட்டி மேலே ஏறும் குழாயைக் கவனியுங்கள். அதற்குள் ஒரு தண்டு சுழல்கிறது. அதன் இரு முனையிலும் சாய்வுப் பல்சக்கரங்கள். அவைதான் மேலே உள்ள, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்றுகின்றன. செயின் கிடையாது, அதனால் தளர்ந்துபோகிற தொல்லையும் இல்லை. ஆனால் பல்சக்கரங்களின் இடைவெளியை ஒவ்வொரு எஞ்சினிலும் மெல்லிய வளையங்கள் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதைக் கழற்றும் வேலையைப் புதியவர்கள் தயவுசெய்து தொடாதீர்கள். இன்னொன்று: டுகாட்டி என்றாலே டெஸ்மோ, அதாவது வால்வை மூடுவதற்கும் ஸ்பிரிங்குக்குப் பதில் கேமையே பயன்படுத்தும் அமைப்பு, என்று நினைப்பார்கள். ஸ்க்ராம்ப்ளரில் வால்வை மூடுவது ஸ்பிரிங்தான்.

ஸ்டார்ட் செய்யும் முன்

ஆயில் அளவைப் பாருங்கள். இதில் காகித ஃபில்டர் இல்லை, கம்பிவலை மட்டும்தான். அதனால் ஆயிலை அடிக்கடி மாற்றுவது கட்டாயம். 6 வோல்ட் பேட்டரி சோர்ந்திருந்தால் சார்ஜ் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பெட்ரோல் டேப்பைத் திறங்கள். டெலோர்ட்டோ கார்புரேட்டரின் மேல் உள்ள சிறு பொத்தானை, பெட்ரோல் லேசாகக் கசியும் வரை அழுத்துங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் இது. சூடான எஞ்சினில் அழுத்தினால் பிளக் நனைந்துவிடும்.

கிக் அடிப்பது

அவசரப்பட்டால் காரியம் கெடும் இடம் இதுதான். கிக்கர் இடப்பக்கம் இருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, இடப்பக்கம் நின்று வலது காலால் அடிப்பது எளிது. கெட்டியான ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

சாவியைப் போடாமல் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் காலை எதிர்த்து இறுகி நிற்கும். பிஸ்டன் மேலே வந்து காற்றை அமுக்கும் இடம் அது. இன்னும் கொஞ்சம் பொறுமையாக அழுத்தினால் அந்த இறுக்கம் தாண்டி லேசாகும். 450-இல், அமுங்கிய காற்றை வெளியே விடும் டிகம்ப்ரஷர் லீவர் இருக்கும். இந்த இடத்தில் அதைப் பிடித்தால் சுலபம். பழைய புல்லட்டில் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை.

இப்போது கிக்கரை முழுதாக மேலே வரவிடுங்கள். சாவியைப் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சில் அடியுங்கள். பாதியில் தயங்கினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். பெட்ரோல் அதிகமாகிவிட்டால் சாவியை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்து நாலைந்து முறை அடித்துவிட்டு, மறுபடி ஆரம்பத்திலிருந்து வாருங்கள்.

பிடித்த பிறகு

உடனே முறுக்காதீர்கள். கெட்டியாக இருக்கும் ஆயில் இளகி உச்சியிலுள்ள கேமை நன்றாகச் சென்றடையக் கொஞ்ச நேரம் வேண்டும். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடட்டும். பல்சக்கரங்களின் சன்னமான ‘விர்ர்’ ஓசை வலப்பக்கம் கேட்கும், அது இயல்பு. ‘டொக் டொக்’ என்று தட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஓட்டும்போது ஒன்றை மறக்கக்கூடாது: கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். பயத்தில் கால் பழைய பழக்கத்துக்கே போகும், அதனால் காலி மைதானத்தில் நிறுத்திப் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள். டிரம் பிரேக் என்பதால் முன்னால் போகும் வண்டிக்கு நிறையவே இடைவெளி விடுங்கள்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். திறந்தே விட்டால், கார்புரேட்டர் ஊசி தேய்ந்திருக்கும் வண்டியில் இரவோடு இரவாகப் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். அப்புறம், அதிர்வில் ஏதாவது நட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஸ்பேனரால் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.